ஏறலை

“சார், இது ஏறலை.”

போன மார்கழியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். செம்மேட்டில் நாங்கள் நடத்தும் படிப்பகத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னாள். மேசைமேல் ஒரு பழைய கம்ப்யூட்டர். பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர். கேசட் சுற்றிக்கொண்டே இருந்தது. அதில் இருந்த புரோகிராம் கம்ப்யூட்டருக்குள் போகவில்லை. அதைத்தான் ஏறலை என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது 1988இல். அதுவும் இதே மாதிரி ஒரு கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில்தான். அன்றைக்கு ஏறாது என்று சொல்லப்பட்டது என்னைப் பார்த்து.

தோழர்களே, தம்பி தங்கைகளே, இந்தப் பதிவு ஒரு பழைய பெட்டியை ஓடவைத்த கதை. வயரும் ஸ்குரூ டிரைவரும் கொஞ்சம் அதிகமாகவே வரும். பொறுமையாகப் படியுங்கள்.

1984-85இல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்ய ‘கிளாஸ்’ என்று ஒரு திட்டம் தொடங்கியது. முதலில் நாடு முழுக்கச் சுமார் 250 பள்ளிகள். பிறகு 2,500க்கும் மேல். அந்தப் பள்ளிகளுக்குப் போனது ‘பிபிசி மைக்ரோ’ என்ற பெட்டி. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் நிறுவனம் 1981இல் கொண்டுவந்தது. பொதுமக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தியபோது அதற்காகச் செய்யப்பட்டது. மொத்த நினைவகம் 32 கேபி. இன்று உங்களுக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘காலை வணக்கம்’ படம்கூட அதற்குள் அடங்காது.

சமவெளியில் நான் படித்த பள்ளிக்கும் அப்படி ஒரு பெட்டி வந்திருந்தது. பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த மாதிரிப் பள்ளி அப்போது வட்டத்துக்கு ஒன்றாவது இருந்திருக்கும். பூட்டிய அறை, பெட்டிமேல் வெல்வெட் துணி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகணும் என்பது எல்லோருக்கும் பொது. “கையைக் கழுவிட்டு வா” என்பது மட்டும் ஆதிதிராவிடர் நல விடுதியிலிருந்து வந்த எங்கள் ஏழு பேருக்கு. கழுவிவிட்டு வருவதற்குள் நாற்காலி எல்லாம் நிறைந்திருக்கும். சுவரோரம் நின்று பார்ப்போம். ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன், “சார், நான் ஒரு தடவை தட்டிப் பார்க்கட்டுமா?” வாத்தியார் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்களுக்கெல்லாம் இது ஏறாதுடா. போய் மூட்டை ஏத்து.”

எங்கப்பா லோடுமேன் என்பது அவருக்குத் தெரியும். ராசிபுரம் பக்கத்துச் சேகோ ஆலைகளில் ஜவ்வரிசி மூட்டையை லாரியில் ஏற்றுவார். மூட்டை 90 கிலோ. ஆறு பேர் சேர்ந்தால் ஒரு செட்டு, அதற்குமேல் ஒரு மேஸ்திரி. அப்பாவுக்கு எழுதத் தெரியாது. ராத்திரி வந்ததும் இன்றைக்கு எத்தனை மூட்டை என்று சொல்வார், அக்கா ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். கூலி சரியாக வருகிறதா என்று அப்பாவுக்கு எப்போதும் ஒரு சந்தேகம். கேட்கத் தெரியாது, கணக்குப் போடத் தெரியாது.

எனக்கு வழிவிட்டவர் அந்தப் பள்ளியின் ஆய்வக உதவியாளர். சனிக்கிழமை மதியம் அறையைப் பெருக்க வருவார். “நான் பெருக்கி முடிக்கிற வரைக்கும் உக்காரு” என்றார் ஒருநாள். ஒன்பது சனிக்கிழமை உட்கார்ந்தேன். மனுசன் ஒரு சின்ன அறையை இரண்டு மணி நேரம் பெருக்குவார். விடுதியில் காகிதத்தில் எழுதிவைத்த புரோகிராமைத் தட்டினேன். அக்கா நோட்டிலிருந்த ஒரு வருடத்து மூட்டைக் கணக்கை வரி வரியாக உள்ளே போட்டேன். மொத்தக் கூலி எவ்வளவு, ஒரு ஆளுக்குப் பங்கு எவ்வளவு என்று கலர் பட்டையாகத் திரையில் வரணும். ஒவ்வொரு வாரமும் கேசட்டில் பதிந்துகொள்வேன். கடைசிச் சனிக்கிழமை பதிந்து முடித்து, ஓட்டிப் பார்க்கலாம் என்று கை வைத்தபோது வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் கேசட்டை என் சட்டைப் பையில் திணித்து ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

அந்தப் புரோகிராம் ஓடி நான் பார்த்ததே இல்லை. கேசட் அம்மாவின் தகரப் பெட்டியில் கிடந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நாமக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே மாடல் பெட்டி கிடைத்தது. எந்தப் பள்ளியிலிருந்து வந்ததோ, ஒரு பக்கம் மஞ்சள் பூத்திருந்தது. உங்கள் கைக்கு இப்படி ஏதாவது கிடைத்தால் ஒன்று சொல்கிறேன்: ஆசையில் உடனே பிளக்கில் சொருகிவிடாதீர்கள். இந்தப் பெட்டிகளின் பவர் சப்ளையில் காகிதக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். வயதாகி மேல்தோல் வெடித்து ஈரம் இறங்கியிருக்கும். மின்சாரம் பட்டதும் புகை கிளம்பி அறையே நாறும். முதலில் அவற்றை மாற்றினேன். டேப் ரெக்கார்டரைத் திறந்தால் உள்ளே இருந்த ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக்கிடந்தது. நாமக்கல்லில் இன்னும் ரேடியோ பழுது பார்க்கிற ஒரு பெரியவர் புது பெல்ட் போட்டுக் கொடுத்தார். பெட்டி “பூ... பீப்” என்று இரண்டு சத்தம் கொடுத்து விழித்துக்கொண்டது. இதைச் செம்மேட்டுக்குக் கொண்டுபோகணும், பிள்ளைகளோடு சேர்ந்துதான் அந்தக் கேசட்டைப் போடணும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சேந்தமங்கலம், காரவள்ளி வழியாகக் கொல்லிமலை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. சோளக்காடு தாண்டி, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையருகே இறங்கும்போது எனக்கே தலை சுற்றியது. படிப்பகத்தில் வைத்துப் போட்டால் “பூ...” என்று ஒரே ஊளை. பீப் வரவேயில்லை. திரையில் ஒன்றும் இல்லை.

“மலை ஏறுனதுல செத்துப்போச்சு சார்” என்றான் ஒரு பையன்.

சாகவில்லை. இந்தப் பெட்டியில் பல சிப்புகள் பலகையோடு பற்றவைக்கப்படாமல், சாக்கெட்டில் சொருகித்தான் இருக்கும். 70 வளைவின் குலுக்கலில் கால்கள் தளர்ந்துவிட்டன. மலைப் பனியில் சாக்கெட் களிம்பும் பிடிக்கும். ஒவ்வொரு சிப்பாகக் கழற்றி, காலைச் சுத்தம் செய்து, மறுபடி அழுத்திச் சொருகினோம். பிள்ளைகளையே செய்யச் சொன்னேன். கையைக் கழுவச் சொல்லவில்லை. உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் சிப்பைக் கொல்லும் என்பதால் ஒரு இரும்பு ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு வரச் சொன்னேன். நானும் தொட்டேன். மின்சாரத்துக்கு யார் என்ன சாதி என்று தெரியாது, எல்லோரும்தான் தொடணும். “பூ... பீப்” வந்தது. கைதட்டினார்கள்.

அடுத்து கேசட். அந்த மாணவியை உட்காரவைத்து, என்ன தட்டணும் என்று சொன்னேன். டிஸ்க் வேண்டாம், டேப்பிலிருந்து எடு என்று ஒரு கட்டளை. பிறகு, ஏற்றி ஓட்டு என்று ஒரு கட்டளை. உள்ளே ரிலே ‘டிக்’ என்றது, டேப் மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. திரையில் ‘சர்ச்சிங்’ என்று வந்து அப்படியே நின்றது. ஐந்து நிமிடம் ஆயிற்று. அப்போதுதான் அவள் சொன்னாள், ஏறலை என்று.

“கேசட் கெட்டுப்போச்சு சார்.” “முப்பது வருசத்துக்கு மேல ஆச்சில்ல, இனிமே ஏறாது சார்.” எல்லோரும் கேசட்டைத்தான் குறை சொன்னார்கள். நான் வயரைப் பிடுங்கிவிட்டு டேப்பை ஸ்பீக்கரில் ஓடவிட்டேன். கீ... என்று ஒரு நீளமான சத்தம், பிறகு கரகரவென்று. காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சத்தம்தான் புரோகிராம். 1200 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒன்று வந்தால் பூஜ்யம், 2400 ஹெர்ட்ஸ் அதிர்வு இரண்டு வந்தால் ஒன்று. விநாடிக்கு 1200 பிட். சத்தம் இருக்கிறதென்றால் கேசட்டில் சரக்கு இருக்கிறது. அப்புறம் கோளாறு எங்கே? ரெக்கார்டரின் வால்யூம் குறைவாக இருந்தது, பெட்டியின் காதில் விழவே இல்லை. கூட்டினோம். திரையில் என் புரோகிராமின் பெயர் வந்தது: ‘கூலி’.

இத்தனை வருடம் கழித்து அதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

பெயருக்குப் பக்கத்தில் எண்கள் ஓடின. புரோகிராமை 256 பைட் கொண்ட பிளாக்குகளாக வெட்டித்தான் டேப்பில் பதியும். என்னுடையது 25 பிளாக். நான்காவதில் ‘டேட்டா?’ என்று கேள்விக்குறியோடு நின்றது. இந்த இடத்தைக் கவனியுங்கள். இந்தப் பெட்டி பொத்தாம் பொதுவாக “ஏறலை” என்று சொல்வதில்லை. பிளாக்கின் முகவரிப் பகுதியைப் படிக்க முடியவில்லை என்றால் ‘ஹெடர்?’. வரிசை தவறி வேறு பிளாக் வந்தால் ‘பிளாக்?’. உள்ளே இருக்கும் விவரம் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் ‘டேட்டா?’. எந்தப் பிளாக், என்ன கோளாறு என்று சொல்லிவிடும். அதற்குமேல் யாரையும் திட்டாது.

டேட்டா என்றால், சத்தம் போகிறது, ஆனால் தெளிவாகப் போகவில்லை. ரெக்கார்டரின் ஹெட்டை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தோம். பஞ்சு காப்பித்தூள் நிறத்தில் வந்தது. ஒன்பது பிளாக் வரைக்கும் போயிற்று, மறுபடி நின்றது. அப்புறம்தான் ஹெட்டின் சாய்வைப் பார்த்தோம். பள்ளிக்கூடத்து ரெக்கார்டரின் ஹெட் ஒரு கோணத்தில் இருந்து பதிந்திருக்கும். இந்த ரெக்கார்டரின் ஹெட் வேறு கோணத்தில் இருந்து படிக்கிறது. தலைமுடி அளவு வித்தியாசம் போதும், கூர்மையான சத்தம் எல்லாம் மங்கிவிடும். ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஸ்குரூ உண்டு. டேப் ஓடும்போதே அதை இம்மி இம்மியாகத் திருப்பி, கீச்சென்ற சத்தம் எங்கே பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்தணும். அந்த வேலையை அந்த மாணவிதான் செய்தாள். என் காதைவிட அவள் காது நல்ல காது.

“அப்ப கேசட்டும் நல்லாருக்கு, கம்ப்யூட்டரும் நல்லாருக்கு. ஹெட்டுதான் கோணலா சார்?” என்றான் பையன்.

“ஆமாப்பா.”

“எங்க ஸ்கூல்லயும் அப்படித்தான் சார்.”

அந்தச் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பதினேழாவது பிளாக்கில் மறுபடியும் ‘டேட்டா?’. இந்த முறை டேப்பிலேயே ஒரு மடிப்பு. அம்மாவின் தகரப் பெட்டி தந்தது. ‘டேப்பைப் பின்னால் சுற்று’ என்று திரை சொன்னது. பையன் கேசட்டை முழுக்க முதலுக்குக் கொண்டுபோகப் போனான். நிறுத்தினேன். இந்தப் பெட்டியில் அது தேவையில்லை. ஏறின பதினாறு பிளாக் ஏறினதுதான், அதை அது மறக்காது. கொஞ்சம் பின்னால் சுற்றி, விட்ட பிளாக்கை மட்டும் மறுபடி கொடுத்தால் போதும். மூன்றாவது தடவையில் பிடித்துக்கொண்டது. இருபத்தைந்தும் ஏறின.

நம் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பாடத்தில் நின்று, அதோடு பள்ளிக்கூடத்தையே விட்டுப் போயிருக்கிறார்கள்? கொஞ்சம் பின்னால் சுற்றி, விட்ட இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல்?

ஏறி முடிந்ததும் ஓடியிருக்கணும். ஓடவில்லை. ‘பேட் மோடு’ என்று ஒரு செய்தி. கலர் படத்துக்கு இடம் போதவில்லை என்று அர்த்தம். நாங்கள் திகைத்துப்போனோம். பழைய பெட்டியில் ஓடுவதற்காக எழுதினது, அதே மாதிரிப் பெட்டி, இடம் எப்படிப் போதாமல் போகும்? அரை மணி நேரம் கழித்து எனக்கு உறைத்தது. இந்தப் பெட்டியில் டிஸ்க் டிரைவுக்கான சிப்பும் போட்டிருந்தார்கள். டிரைவ் இல்லை, எப்போதோ யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் அந்தச் சிப் பெட்டி விழித்ததும் நினைவகத்தில் தனக்கென்று 2,816 பைட்டைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. டேப் மட்டும் இருந்தால் புரோகிராம் 3584ஆம் இடத்திலிருந்து உட்காரலாம். அந்தச் சிப் இருந்தால் 6400இலிருந்துதான்.

பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னேன்: “பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிப்பாங்கல்ல? ஆள் ஏறவே இல்ல, துண்டு மட்டும் உக்காந்திருக்கு. நாம நின்னுக்கிட்டே வர்றோம்.”

“துண்டைத் தூக்கி வெச்சிட்டு உக்காரணும் சார்.”

அதேதான். டேப் கட்டளையைக் கொடுத்துவிட்டு, ‘பேஜ் = 3584’ என்று ஒரு வரி. பிறகு மறுபடி முதலிலிருந்து ஏற்றினோம், இந்த முறை எல்லாம் ஒழுங்காக இருந்ததால் ஒன்றரை நிமிட வேலை. பதினேழாவதில் மட்டும் ஒருமுறை பின்னால் சுற்றினோம். திரை இருண்டு, பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு பட்டை ஒவ்வொன்றாக எழுந்தது. கீழே ஒரு ஆளின் வருடக் கூலி, ஆறாயிரத்துச் சொச்சம். அப்பாவின் ஒரு வருடம். அவர் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது.

எனக்கு அதோடு கதை முடிந்துவிட்டது. அவளுக்கு முடியவில்லை. புரோகிராமைத் திரையில் வரி வரியாகப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

“சார், ஆறு பேர்னுதான சொன்னீங்க. ஏன் எட்டால வகுத்திருக்கீங்க?”

“மேஸ்திரிக்கு ரெண்டு பங்கும்மா. அதான் வழக்கம்.”

“மேஸ்திரி மூட்டை தூக்குவாரா?”

“இல்ல.”

“தூக்காதவருக்கு எதுக்கு சார் ரெண்டு பங்கு?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவுக்குச் சரியான கூலி வருகிறதா என்று கண்டுபிடிக்கத்தான் பதினாறு வயதில் அந்தப் புரோகிராமை எழுதினேன். சுவரோரம் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டு, ஒன்பது சனிக்கிழமை ஒளிந்து உட்கார்ந்து எழுதினேன். அப்படி எழுதின என் கையே மேஸ்திரிக்கு இரண்டு பங்கு என்று போட்டிருக்கிறது. அது தப்பென்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை. அதற்கப்புறம் எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன், கூலி உயர்வுக்காக ஊர்வலம் போயிருக்கிறேன். அந்த எட்டு மட்டும் கேசட்டுக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

பெட்டி ஒவ்வொரு பிளாக்குக்கும் சரிபார்ப்பு எண் பார்த்தது. எல்லாம் சரி என்றுதான் சொன்னது. எழுதினது எழுதினபடி வந்திருக்கிறதா என்றுதான் அதற்குப் பார்க்கத் தெரியும். எழுதினது நியாயமா என்று பார்க்க இந்தப் பெண் வரவேண்டியிருந்தது. அவள் வீட்டில் குச்சிக்கிழங்கு போடுகிறார்கள். சேகோ ஆலைக்கு மலையிலிருந்து கிழங்கு இறங்கும்போது நடுவில் யார் யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பார்த்து வளர்ந்தவள்.

எட்டை ஏழாக மாற்றினால் போதும், வேலை பிடித்துக் கொடுக்கிறவருக்கு ஒரு பங்காவது வேண்டாமா என்றான் பையன். தூக்கினால்தான் கூலி என்றாள் அவள். அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். நான் குறுக்கே போகவில்லை. கடைசியில் அவளே தட்டினாள், ஆறு. பட்டைகள் மறுபடி எழுந்தன. எட்டாயிரத்துச் சொச்சம். ஒரு வருடத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் அப்பாவின் தோளிலிருந்து போயிருக்கிறது. அன்றைக்கு அந்தப் பணத்துக்கு அக்கா பத்தாவதோடு நின்றிருக்க வேண்டியதில்லை.

“இதையெல்லாம் இப்ப எதுக்கு சார் படிக்கணும்?” என்று ஒரு கல்லூரித் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு பதில்: இந்தப் பெட்டியைச் செய்த அதே ஏக்கார்னில், இதன் பேசிக் மொழியை எழுதிய சோஃபி வில்சனும் ஸ்டீவ் ஃபர்பரும் சேர்ந்து 1985இல் கொண்டுவந்ததுதான் முதல் ஏஆர்எம் சிப். அதன் வழிவந்தவைதான் இன்று உங்கள் பையிலிருக்கும் போனில் ஓடுகிறது. போனைத் திறந்து பார்க்க உங்களை விடமாட்டார்கள். இந்தப் பெட்டியைத் திறந்து, சிப்பைக் கழற்றி, எட்டை ஆறாக மாற்றலாம். இன்று கடன் கொடுக்கலாமா, வேலை கொடுக்கலாமா என்று கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது என்கிறார்கள். அதற்குள்ளும் யாரோ எழுதிய ஒரு எட்டு இருக்கும். “சிஸ்டம் அப்படித்தான் சொல்லுது” என்று கவுண்டரில் சொல்லும்போது, எந்த வரி அப்படிச் சொல்கிறது என்று கேட்கிற பிள்ளைகள் நமக்கு வேண்டும்.

இன்னொரு பதில் உங்களுக்கு, களத்தில் வேலை செய்கிறவர்களுக்கு. ஒரு பிள்ளைக்குப் படிப்பு ஏறலை என்று யாராவது சொன்னால் அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். எந்தப் பிளாக்கில் நின்றது என்று கேளுங்கள். காலையில் சாப்பிட்டு வந்தாளா? பஸ் வந்ததா? வாத்தியார் சொல்வது கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? சாதிச் சான்றிதழ் எந்த மேசையில் கிடக்கிறது? இருக்கையில் யார் துண்டு கிடக்கிறது? கேசட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் பார்க்க இவ்வளவு இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி கிளம்பும் முன் அவள் திருத்தினதைப் பதிய ஒரு கேசட் தேடினோம். புதுக் கேசட் எங்கே கிடைக்கும்? ஒரு பழைய பாட்டுக் கேசட்டின் ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி அதன்மேலேயே பதிந்தோம். பதியும் கட்டளையோடு ‘கூலி2’ என்று பெயர் தட்டினாள். என் கேசட்டை அழிக்க வேண்டாம் சார், அதுவும் இருக்கட்டும் என்றாள்.

இரண்டும் இப்போது படிப்பகத்து அலமாரியில் இருக்கின்றன. அந்த அறைக்குப் பூட்டு உண்டு, சாவி பிள்ளைகளிடம். சனிக்கிழமை சாயங்காலம் செம்மேட்டுப் பக்கம் வந்தால் வாருங்கள். வீட்டில் காலிக் கேசட் இருந்தால் எடுத்து வாருங்கள், எங்களுக்கு அதுதான் பற்றாக்குறை.